பூனைக்குப் பைக்கற் சாப்பாடு: முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

பைக்கற்றின் முன்பக்கத்தில் பளபளவென்று நிற்கிற பூனையைப் பார்த்துச் சாப்பாடு வாங்காதீர்கள். அதைத் திருப்பி, பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மூன்று விதமான உலர் உணவு வாங்கிப் பார்த்தாயிற்று, இடையில் ஒரு பூனை சாகக் கிடந்து பிழைத்தும் ஆயிற்று. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறோம், பூனைகள் மூன்று. கறுவல் கடுவன், நாலரைக் கிலோ, கருத்தடை செய்தாயிற்று, விறாந்தைக் கதிரையை விட்டு இறங்கவே பஞ்சிப்படுவான். புள்ளி பெட்டை, எட்டு வயது, எதைக் கொடுத்தாலும் முதலில் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பாள். பிறகு, மதில் ஏறி வந்து இங்கேயே தங்கிவிட்ட குட்டி. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, குட்டி என்றால் வருகிறது, அது போதும்.

முன்பெல்லாம் பூனைக்கென்று தனிச் சாப்பாடு இந்த வீட்டில் கிடையாது. பாசையூர்ப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிற அண்ணையிடம் காரல் மலிவாகக் கிடைத்தால் வாங்கி அவித்துச் சோற்றோடு பிசைந்து போடுவோம், இல்லாத நாளில் மீன் தலையும் மிச்சம் மீதியும். இதை மாற்றியது விளம்பரம் இல்லை, நல்லூர்த் திருவிழா. கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மனிதருக்கு அது விரதம், பூனைக்கு என்ன? முதல் மூன்று நாள் தயிர்ச்சோற்றை நக்கிப் பார்த்தார்கள். நாலாம் நாள், பக்கத்து வீட்டு வேதக்கார அன்ரி பொரித்து வைத்த சூடை மீன் தட்டோடு கவிழ்ந்து கிடந்தது. அன்று பின்னேரமே நான் பூனைச் சாப்பாடு தேடிக் கடைக்குப் போனேன். கொண்டு வந்த பையை அம்மம்மா மணந்து பார்த்துவிட்டு, "உதுவும் மச்சந்தானே பிள்ளை, ஏன் உள்ளுக்குக் கொண்டு வாறாய்?" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை, கருவாட்டுக் கடை மணம்தான். அன்றிலிருந்து பூனைச் சாப்பாட்டுக்குக் கிணற்றடிப் பத்திதான் இடம்.

அன்று வாங்கியது சில்லறையாக நிறுத்துக் கொடுத்த சாமான். கடையின் பெயர் வேண்டாம். கோழித்தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உரப்பை வாயைத் திறந்தபடி நின்றது, அதற்குள் ஒரு பேணி, அள்ளி நிறுத்துச் சொப்பின் பைக்குள் போட்டுத் தந்தார்கள். என்ன இனம், எப்போது உடைத்தது, எத்தனையாம் திகதி வரை பாவிக்கலாம் என்று கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் அக்கா, பூனை நல்லாத் தின்னும்" என்று பதில் வந்தது. தின்றது உண்மைதான். மூன்றாம் நாள் குட்டிக்கு வயிற்றோட்டம், புள்ளியின் மண் பெட்டியைப் பார்த்தால் உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் கூட. பையின் அடியைக் கையில் கொட்டிப் பார்த்தேன். பாதி தூள், நாலைந்து வண்டு, பலதரம் பொரித்த எண்ணெயின் மணம்.

காரணம் பிறகுதான் விளங்கியது. இந்த உலர் உணவு மணிகளை ஆவியிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, பொரிய வைத்து, காயவிட்டு, கடைசியில் வெளிப்புறத்தில் கொழுப்பைத் தெளிக்கிறார்கள். பூனை விழுந்து விழுந்து தின்பது அந்த மேல்பூச்சுக்காகத்தான், காற்றுப் பட்டதும் முதலில் பழுதாகிறதும் அதுதான். யாழ்ப்பாணத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நாட்கணக்காகத் திறந்து கிடக்கிற மூட்டைக்குள் அது என்ன கதியாகும் என்று சொல்லத் தேவையில்லை. மலிவு என்று சில்லறைச் சாமானுக்கு மட்டும் போகாதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வயிற்றோட்டத்துக்குக் கடையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மீன்சோறு தின்ற குட்டிக்கு ஒரே நாளில் முழுச் சாப்பாட்டையும் மாற்றினேன், அது என் பிழை. பழையதற்குள் புதியதைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கலந்து 7 தொடக்கம் 10 நாளில் மாற்ற வேண்டும். தின்ன மறுத்தால் "பசிச்சால் தன்பாட்டில் தின்னும்" என்று பட்டினி போடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு, நாய்க்கு அது சரிவரலாம். பூனை, அதுவும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் வெறும் வயிற்றோடு கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் நிறைந்து ஈரலே செயலிழக்கலாம்.

சரி, அடுத்தது மூடிய பைக்கற். யாழ் நகரத்திலும் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியிலும் சுப்பர்மார்க்கெட்டுகளிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் போய்த் தட்டுத் தட்டாகப் பார்த்தேன். விஸ்காஸ், மீ-ஓ, ராயல் கனின் என்று பெயர்கள் நிறைய. மீ-ஓ தாய்லாந்துச் சாமான். விஸ்காஸும் ராயல் கனினும் விலையில் மலையும் மடுவுமாக நிற்கின்றன, ஆனால் இரண்டுக்கும் முதலாளி ஒரே மார்ஸ் கம்பனிதான், சொக்லேட் செய்கிற அதே மார்ஸ். ஆக, பெயரை வைத்துக் கட்சி பிரிந்து சண்டை பிடிக்கிறதில் பிரயோசனம் இல்லை.

நான் எடுத்த பைக்கற்றின் பின்பக்கத்தில், சேர்மானங்கள் எழுதியிருந்த இடத்துக்கு மேலேயே விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடைக்குள் நின்றே நகத்தால் சுரண்டிக் கிழித்தேன், காசாளர்ப் பிள்ளை ஒரு மாதிரிப் பார்த்தாள், பார்க்கட்டும். அங்கே முதலில் தேட வேண்டியது "முழுமையான, சமச்சீரான உணவு" என்ற பொருளில் ஏதும் இருக்கிறதா, எந்த வயதுப் பூனைக்கு என்று இருக்கிறதா என்பது. அது இல்லாதது கொறிக்கிற தீனி, சாப்பாடு இல்லை. வளர்ந்த பூனைக்கான பைக்கற் குட்டிக்குப் போதாது. அமெரிக்காவில் தீவன அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ வைத்திருக்கிற கணக்கில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த பூனைக்குப் புரதம் நூற்றுக்கு 26 ஆவது வேண்டும், குட்டிக்கும் சினைப் பூனைக்கும் 30, கொழுப்பு எல்லாருக்கும் 9. இது ஆகக் குறைந்த அளவு என்பதை மறக்க வேண்டாம்.

ஈரத்தைக் கழிப்பது என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒரு பைக்கற் மணியில் புரதம் 30, ஈரம் 10 என்று இருக்கும். பக்கத்தில் குழம்போடு வருகிற ஈர உணவுப் பையில் புரதம் 10, ஈரம் 80 என்று இருக்கும். மச்சாள் இதைப் பார்த்துவிட்டு, குழம்பில் ஒன்றும் இல்லை, மணிதான் சத்து என்று முடிவு கட்டினாள். தண்ணீரை எடுத்துவிட்டுப் பாருங்கள்: குழம்பில் மிஞ்சுகிற 20 இல் 10 புரதம், சரி பாதி. மணியில் மிஞ்சுகிற 90 இல் 30, மூன்றில் ஒன்று. இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாச்சத்து எவ்வளவு என்று பைக்கற்றில் பெரும்பாலும் எழுதமாட்டார்கள், நாங்கள்தான் கழித்துப் பிடிக்க வேண்டும். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல், அதாவது தாதுப்பொருள், 8 என்றால் மிச்சம் 38. அது சோளமும் அரிசியும் கோதுமையும். மீனுக்கு என்று காசு கொடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தானியம் வாங்கி வருகிறோம். மணியைப் பொரிய வைக்க மாச்சத்துக் கொஞ்சம் வேண்டும்தான், எனக்கு அது விளங்குகிறது. அதற்காக முதலாவது சேர்மானமே சோளம் என்றிருந்தால் நான் அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிடுவேன். நிறை கூடியதுதான் பட்டியலில் முதலில் வரும்.

முன்பக்கத்து சூரை மீன் படத்துக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க விதிப்படி "சூரை மீனுடன்" என்று எழுத நூற்றுக்கு 3 பங்கு மீன் இருந்தால் போதும், "சூரைச் சுவை" என்று எழுத அதுவும் தேவையில்லை. மீன் வடிவம், நட்சத்திர வடிவம், சிவப்பு, பச்சை எல்லாம் எங்கள் கண்ணுக்குத்தான். பூனைக்கு இனிப்பே நாக்கில் தெரியாது, பச்சை நட்சத்திரத்தைக் கண்டா மயங்கப் போகிறது?

டோரின் என்ற பெயரையும் தேடுங்கள். இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற சத்து அது, பூனை தன் உடம்பில் போதிய அளவு செய்துகொள்ளாது. குறைந்தால் கண் விழித்திரை பழுதாகும், இதயம் வீங்கித் தளரும். 1987 இல்தான் அமெரிக்க மிருக வைத்தியர்கள் இந்த இதய நோய்க்கும் டோரினுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகுதான் கம்பனிகள் அளவைக் கூட்டின. நாய்ச் சாப்பாட்டை மலிவென்று பூனைக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நாய் அதைத் தானே செய்துகொள்ளும் என்பதால் நாய்ப் பைக்கற்றில் அது இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. தயிர்ச்சோறும் இதே கதைதான் அம்மம்மா, மன்னிக்கவும்.

இப்படியெல்லாம் பார்த்து நடுத்தர விலையில் ஒன்றைப் பிடித்தேன், மூன்று பேரும் தின்றார்கள், புள்ளியின் மயிர் மினுங்கியது, மண் பெட்டியில் விழுவது பாதியாகக் குறைந்தது. நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு மீன் அவிப்பதையே நிறுத்திவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு மாலை கறுவல் மண் பெட்டிக்குள் போய்க் குந்துகிறான், எழும்புகிறான், திரும்பக் குந்துகிறான். மலச்சிக்கல் என்று நினைத்தோம். அம்மம்மா ஒரு கரண்டி நல்லெண்ணெய் பருக்கினார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரவு முழுக்க ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்தினான். விடிய அவனைச் சாரத்தில் சுற்றி ஓட்டோவில் ஏற்றி மிருக வைத்தியரிடம் போனோம். அவர் வயிற்றைத் தொட்டவுடனேயே சொன்னார், சலப்பை தேங்காய் மாதிரி இறுகிக் கிடக்கிறது, சலம், அதாவது சிறுநீர், அடைத்துவிட்டது என்று. கடுவனுக்குச் சலம் போகிற வழி மிக ஒடுக்கம், முழுதாக அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மயக்க ஊசி போட்டு மெல்லிய குழாய் விட்டு எடுத்தார். குழாயில் வந்ததைச் சின்னப் போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டினார், அடியில் வெள்ளை மணல் மாதிரி. ஸ்ட்ரூவைட் என்ற படிகம், மக்னீசியமும் பொஸ்பேட்டும் அமோனியமும் சேர்ந்தது. ஆகவே ஒன்று சொல்லி வைக்கிறேன்: கடுவன் பூனை முக்கினால் நல்லெண்ணெய் தேடாதீர்கள், நேரே வைத்தியரிடம் ஓடுங்கள்.

அவர் பைக்கற்றைத் திட்டவில்லை. என்ன தின்கிறான், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், எவ்வளவு ஓடித் திரிகிறான், இந்த மூன்றையும்தான் கேட்டார். அம்மம்மா எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குற்றம் சொன்னார். கேத்திலுக்குள் வெள்ளையாகப் பிடித்திருப்பதைப் பார்க்கிற எந்த யாழ்ப்பாணத்தாளுக்கும் அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். வைத்தியர் சிரித்துவிட்டு, "தண்ணியிலை சுண்ணாம்பு இருக்கிறது இருக்கட்டும் அம்மா, இவன் தண்ணியே குடிக்கேல்லை, அதுதான் பிரச்சினை" என்றார்.

பூனையின் மூதாதை பாலைவனத்துப் பிராணி. இரையில் இருக்கிற ஈரத்திலேயே காலம் தள்ளிப் பழகிய உடம்பு, தாகம் எடுத்துக் கிண்ணத்தைத் தேடுவது குறைவு. ஒரு நாளில் கிலோவுக்கு 50 மில்லிலீட்டர் அளவில் தண்ணீர் வேண்டும் என்றால் கறுவலுக்கு 225. அவித்த மீன் 150 கிராம் தின்றால் அதிலேயே 110 அளவில் போய்விடும். மணி 55 கிராம் தின்றால் ஐந்தாறு மில்லிலீட்டர்தான், மிச்சம் அவ்வளவையும் அவன் குடித்துத்தான் ஈடு செய்ய வேண்டும். அவனாவது செய்வதாவது. பைக்கற் நல்லதுதான், அதை மட்டுமே வைத்து இவனை வளர்க்கப் பார்த்தது நான்.

மூன்றாவது பைக்கற் இந்த வழியாக வந்தது. சலக்கல்லுக்கென்றே செய்த வைத்திய உணவு, வைத்தியர் சொல்லித்தான் வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் அப்போது கிடைக்கவில்லை, கொழும்பில் எடுத்து இரவு பஸ்ஸில் பார்சல் போட்டார்கள், விடியற்காலை போய் இறக்கினேன். விலை மற்றதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வேலை செய்ததா என்றால் செய்தது, மக்னீசியம் குறைவு, சலத்தைக் கொஞ்சம் புளிப்பாக்கி அந்தப் படிகத்தைக் கரைக்கும். ஆனால் இது மருந்து மாதிரி. சலக்கல்லில் ஒக்சலேட் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதைச் சாப்பாட்டால் கரைக்க முடியாது, ஆகவே சோதித்துப் பார்க்காமல் கடையில் பார்த்து எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை. குட்டிக்குக் கட்டாயம் கொடுக்கக் கூடாது. அவன் தட்டில் குட்டி வாய் வைக்காமல் காவல் இருந்ததுதான் அந்த ஆறு கிழமையின் பெரிய வேலை.

இப்போதைய ஏற்பாடு இதுதான். காலையில் அவித்த காரல் அல்லது சூடை, உப்பு, வெங்காயம், உள்ளி எதுவும் சேராமல், அவித்த தண்ணீரோடு. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தையே கெடுக்கும், சொதியில் தோய்த்த சோறு போட்டதை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது. பின்னேரமும் இரவும் அந்த நடுத்தரப் பைக்கற், குட்டிக்கு அதே இனத்தில் குட்டிக்கானது. செவ்வாய், வெள்ளி, திருவிழாக் காலம் என்றால் மூன்று நேரமும் பைக்கற்தான், ஆனால் கறுவலுக்கு மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்து. ஊறியதை வெக்கையில் நேரம் போக வைத்தால் புளித்துவிடும், அரை மணித்தியாலத்தில் தின்னாவிட்டால் வெளியே கொட்டிவிடுவேன், காகம் பார்த்துக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணம் விறாந்தையில் ஒன்று, பத்தியில் ஒன்று, முற்றத்தில் ஒன்று. இவ்வளவும் வைத்தாலும் அவன் கிணற்றடி வாளியின் விளிம்பில் ஏறி நின்றுதான் குடிக்கிறான், குடித்தால் சரி.

அளவு கட்டாயம் பாருங்கள். தட்டில் குவித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனால் கருத்தடை செய்த பூனை மூன்று மாதத்தில் தலையணை ஆகிவிடும். நான் ஒரு வெறும் யோகட் கப்பைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், தலைதட்டி நிரப்பினால் 30 கிராமுக்குக் கிட்ட வந்தது. மணி மட்டும் தின்கிற நாலு கிலோப் பூனைக்கு நாளுக்கு 50, 60 கிராம் போதும், அதாவது இரண்டு கப் வரை. பல் துலக்க மணி நல்லது என்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். கறுவல் பாதியை மெல்லாமலே விழுங்குகிறான், சத்தி எடுக்கிற நாளில் முழுசு முழுசாக வெளியே வருகிறது.

உடைத்த பைக்கற்றைப் பிளாஸ்ரிக் வாளிக்குள் கொட்டாதீர்கள், பழைய கொழுப்பு வாளியில் ஒட்டிக்கொண்டு புதியதையும் கெடுக்கும். பைக்கற்றோடு காற்றை அமத்தி, மடித்து, உடுப்புக் கிளிப் போட்டு, பழைய பிஸ்கற் ரின்னுக்குள் வைக்கிறேன். எறும்புக்கு, அம்மம்மா பால் சட்டிக்குச் செய்கிற மாதிரி ரின்னைத் தண்ணீர்த் தட்டுக்குள் நிறுத்தியாயிற்று.

செலவைக் கேட்பீர்கள். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் காலையில் மீன் இருப்பதால் பைக்கற் தலா 40 கிராம், குட்டிக்கு 30, ஆக 110. கிலோ 2500 ரூபா அளவில் என்றால் நாளுக்கு 275 ரூபா, ஒரு சோற்றுப் பார்சலுக்குக் கிட்ட. கொஞ்சக் காசில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது மச்சாள் வீட்டுப் பூனைகள் இரண்டும் மீன் தலைக்குத் திரும்பின, அவை இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரிய பைக்கற் எடுத்தால் கிலோவுக்குக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் உடைத்தால் ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும். எங்கள் கணக்கில் 1.2 கிலோ 11 நாள், 3 கிலோ 27 நாள். ஆகவே 3 கிலோவோடு நிற்கிறேன், 7 கிலோப் பையைக் கடைக்காரத் தம்பி எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் எடுப்பதில்லை. ஒரு பூனை மட்டும் வைத்திருப்பவர் 1.2 கிலோவுக்கு மேல் போகவே வேண்டாம். திகதியைப் பார்த்து, பைக்கற்றில் ஊசித் துவாரம் இல்லையா என்று அமத்திப் பார்த்து எடுங்கள். அமத்தும்போது புஸ் என்று மணம் வெளியே வந்தால், அதைத் தட்டில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் இருப்பதை எடுங்கள்.